மக்கள்தொகை குறைந்தால் இருக்கிறவர்களுக்கு நல்ல சம்பளத்தில் வேலை கிடைக்கும்தானே?

கேட்டவர் வேலை தேடிக்கொண்டிருப்பவர் என்று நினைக்கிறேன். திருப்பூரில் சின்னதாக ஜாப் ஒர்க் யூனிட் (பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது) வைத்திருக்கிறேன். இந்தக் கணக்கைத் தினமும் பார்க்கிறவன் என்பதால் பதில் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் குழந்தைகள் குறைந்தது நேற்று இன்றல்ல. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8. எண்ணிக்கை குறையாமல் நிற்க 2.1 வேண்டும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் டெய்லர்கள் தேனி, மதுரை, ராமநாதபுரம் பக்கமிருந்து பஸ் ஏறி வருவார்கள். அவர்கள் பிள்ளைகள் மெஷினில் உட்காரத் தயாரில்லை. குற்றமாகச் சொல்லவில்லை, என் மகளையும் நான் உட்கார வைக்கவில்லை. இப்போது ஓவர்லாக் மெஷினில் ஒடிசா பையன், பிளாட்லாக் மெஷினில் பீகார் பையன்.

2023 மார்ச்சில், பீகார்காரர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவினவே, அப்போது என் யூனிட்டில் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். ஹோலி வேறு. கட்டிங் முடிந்த பீஸ் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது, தைக்க ஆளில்லை. கூடுதல் சம்பளம் என்று கேட்டில் போர்டு மாட்டினேன். வந்தவர்கள் எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஒரு அக்கா ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து மெஷின்காரரின் கண்ணாடியைக் கடன் வாங்கினார். தையல் என்னவோ சுத்தம். இன்னும் என்னிடம்தான் இருக்கிறார்.

"சம்பளத்தை ஏற்று, ஆள் தானாக வரும்" என்று கமெண்டில் கிளம்புவீர்கள், தெரியும். ஒரு பீஸ் தைக்க இவ்வளவு என்கிற பீஸ் ரேட்டை நானா முடிவு செய்கிறேன்? சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எனக்கு வேலை தருகிற கம்பெனி நாலு மாசம் இழுக்கும். அழுத்திக் கேட்டால் அடுத்த லாட் வேறு யூனிட்டுக்குப் போய்விடும். சரி, அதை விடுங்கள்.

வடக்கே நிறையப் பெறுகிறார்கள், வந்துகொண்டே இருப்பார்கள் என்றுதான் இங்கே பலருக்கு நினைப்பு. பீகாரில் 3.0, உண்மை. ஆனால் அதே ஆய்வில் ஒடிசா நம்மைப் போலவே 1.8, மேற்கு வங்கம் 1.6. ஆள் மிஞ்சிப் போய் வருவதில்லை, ஊரில் இந்தச் சம்பளத்துக்கு வேலை இல்லாமல் வருகிறார்கள். அங்கேயே நாலு கம்பெனி திறந்தால் யார் இரண்டு நாள் ரயிலில் வருவார்கள்? உடனே பதினாறு பெறச் சொல்கிறேன் என்று சண்டைக்கு வர வேண்டாம். எனக்கே ஒன்றுதான்.

சம்பளம் ஏறுமா? ஏறும், ஏறியும் இருக்கிறது. ஒரு அளவுக்கு மேல் ஏறினால், துணி வாங்குகிற பையர் பங்களாதேஷில் ரேட் கேட்பான்.