பாரம்பரியம் இல்லாமல் ஒரு விளம்பரம்

கேள்வி: தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் பட்டறை நடத்துகிறோம். விளம்பரம் எழுதித் தர வந்தவர் ஐந்தாறு வரிக்குப் பெரிய தொகை கேட்கிறார். ‘பாரம்பரியம் மிக்க, தரமான ஆத்தங்குடிக் கற்கள்’ என்று நாமே போட்டுக்கொண்டால் ஆகாதா?
– வாசகர், காரைக்குடி

பதில்: பாரம்பரியம் என்று எழுதிவிட்டீர்கள், அந்தச் சொல்லோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு, இந்தப் பக்கத்திலேயே பலமுறை வாதாடியிருக்கிறேன். காரைக்குடியில் மெஸ், பலகாரக் கடை, கண்டாங்கிச் சேலைக் கடை என்று எந்தப் பலகையை நிமிர்ந்து பார்த்தாலும் அது இருக்கிறது. தேன்குழலுக்கும் சேலைக்கும் பொருந்துகிற ஒரு சொல் உங்கள் கல்லைப் பற்றி என்ன சொல்லிவிடும்?

உங்கள் பட்டறையில் நடப்பதைப் பாருங்கள். கண்ணாடித் துண்டின்மேல் தகட்டு அச்சை வைத்து, அதன் அறைகளுக்குள் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, பூ கலையாமல் அச்சைத் தூக்கி, அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, சாந்து அப்பி மட்டம் செய்து, பிறகு தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறப்போடுகிறீர்கள். கல்லின் முகத்தில் உள்ள பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது; சூளையும் இல்லை, மெருகேற்றும் இயந்திரமும் இல்லை. இவ்வளவில் ஒன்றுகூட உங்கள் வாசகத்தில் இடம்பெறவில்லை, ஏனென்றால் தினமும் பார்ப்பது உங்களுக்குச் சொல்லத்தக்க செய்தியாகப் படவில்லை. அதைத் துருவிக் கேட்டு வாங்குவதுதான் விளம்பரம் எழுதுகிறவரின் தொழில். எழுதுவது அதற்குப் பின்னால் வருவது.

அமெரிக்காவில் கிளாட் ஹாப்கின்ஸ் என்ற விளம்பர எழுத்தாளர் ஷ்லிட்ஸ் பீருக்கு எழுத வந்தபோது, போட்டிக் கம்பெனிகள் எல்லாம் ‘சுத்தம்’ என்ற ஒரே சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டிருந்தன. அவர் ஆலைக்குள் போய், கண்ணாடி அறைகளுக்குள் வடிகட்டிய காற்றில் பீர் குளிர்வதையும், புட்டிகளைத் திரும்பத் திரும்பக் கழுவுவதையும் பார்த்துவிட்டு, இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டார். எல்லா ஆலையிலும் இப்படித்தானே என்றார்கள். அதையே முதலில் விவரமாக எழுதினார். பின்தங்கியிருந்த ஷ்லிட்ஸ் முன்வரிசைக்கு வந்துவிட்டது.

விளம்பரத்தை ஒரு எழுத்தாகவே நாம் கணக்கில் வைக்கவில்லை என்பது என் தீராத மனக்குறை. உங்களுக்குப் பக்கத்துக் கோட்டையூரில் இருந்த ரோஜா முத்தையா, புத்தகங்களோடு நாடக நோட்டீசுகளையும் குப்பையென்று தள்ளாமல் சேர்த்துவைத்தார். அவர் சேகரிப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகம் இன்றும் அவற்றைக் காத்துவருகிறது. எந்த ஊர், எந்தக் கொட்டகை, எத்தனை மணி, என்ன கட்டணம் என்று ஒரே தாளில் சொல்லி, படித்தவரை வண்டி கட்ட வைத்த அந்த எழுத்துக்குச் சொந்தக்காரர் யாரென்று நம்மில் ஒருவரும் கேட்டதில்லை. கவிஞர் கம்பனுக்குக் கழகம் வைத்த ஊர்ப்பக்கம், நோட்டீசு எழுதியவருக்கு ஒரு பெயர்கூடக் கொடுக்கவில்லை.

ஆகவே, வந்தவரை ஒரு முழுநாள் உங்கள் பட்டறையில் உட்கார வையுங்கள். குழம்பு ஊற்றுகிறவரிடம் அவர் பேசட்டும், ஊறிய கல்லிலிருந்து கண்ணாடி கழன்று வருவதைத் தன் கையால் எடுத்துப் பார்க்கட்டும். மறுநாள் அவர் கொண்டுவரும் தாளில் கண்ணாடி இருந்தால் கேட்ட தொகையைக் கொடுத்துவிடுங்கள். பாரம்பரியம் இருந்தால் வண்டிச் செலவை மட்டும் கொடுத்து அனுப்புங்கள்.