கிறிஸ்துமஸ் காக்டெயிலுக்கு வீட்டிலேயே பிட்டர்ஸ் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். கசப்பு வேர், பழத்தோல், மசாலா ஆகியவற்றின் சாரத்தை மதுவில் இறக்கினால் பிட்டர்ஸ். 1824-ல் வெனிசுவேலாவின் அங்கோஸ்துரா நகரில் மருத்துவர் சீகர்ட் உருவாக்கிய மருந்துதான் இன்றைய அங்கோஸ்துரா பிட்டர்ஸ்.

50 சதவீத ஆல்கஹால் உள்ள வோட்காவோ ரம்மோ எடுங்கள். காய்ந்த ஆரஞ்சுத் தோல், ஜென்ஷியன் என்ற மூலிகைச் செடியின் வேர், கிராம்பு மூன்றையும் தனித்தனி பாட்டிலில் ஊறவிடுங்கள். இதில் சோம்பல் வேண்டாம். கிராம்பு ஓரிரு நாளிலேயே சாரத்தை விட்டுவிடும். தோலுக்கு இரண்டு வாரம் வரை ஆகும். ஒன்றாகப் போட்டால் கிராம்பு மட்டுமே நாக்கில் நிற்கும். அப்புறம் வடிகட்டி, ருசி பார்த்துப் பார்த்துக் கலக்குங்கள். ஜென்ஷியன் கடும் கசப்பு, சொட்டுச் சொட்டாகச் சேருங்கள்.

விஸ்கி, சர்க்கரையுடன் இந்த பிட்டர்ஸை இரண்டு மூன்று சொட்டு விட்டால் ஓல்ட் ஃபேஷன்ட் என்ற காக்டெயில் தயார். ஜமைக்காவில் கிறிஸ்துமஸுக்குச் செய்யும், இஞ்சி போட்ட சிவப்பு சோரல் (செம்பருத்தி வகைப் பூ) பானத்திலும் ரம்மோடு இதைச் சேர்க்கலாம், அருமையாக இருக்கும்.