ரிப்ஸ் என்று எழுதியிருந்தால் ரிப்ஸ் ஆகிவிடுமா?

அன்புள்ள சார்,

ஹூஸ்டனில் இருக்கிறோம். கடையில் கன்ட்ரி ஸ்டைல் போர்க் ரிப்ஸ் 4 பவுண்ட் பாக்கெட் வாங்கி, கெட்டில் கிரில்லில் (மூடி போட்ட உருண்டைக் கரியடுப்பு) புகை போட்டேன். இணையத்தில் எல்லோரும் சொல்லும் 3-2-1 கணக்குத்தான்: 3 மணி நேரம் புகை, 2 மணி நேரம் ஃபாயிலில் மூடி, 1 மணி நேரம் சாஸ் தடவி. சில துண்டுகள் வெண்ணெயாக வந்தன, சில துண்டுகள் மரக்கட்டை. லேசான கசப்பு வேறு. ஓரமெல்லாம் இளஞ்சிவப்பாக இருந்ததால் வேகவில்லை என்று மனைவி தொடவே இல்லை. புகைக்கு ஹிக்கரி மரம் நல்லதா, ஆப்பிள் மரமா? விறகை ஊறவைக்க வேண்டுமா? மழை வந்தால் கிரில்லைக் கராஜுக்குள் வைத்துக்கொள்ளலாமா?

க.

அன்புள்ள க.,

கராஜ் கேள்விக்கு முதல் பதில்: கூடாது. கதவைத் திறந்து வைத்தாலும் கூடாது. கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். மழை வந்தால் புகை போட்டவரைக்கும் போதும் என்று எடுத்து, மிச்சத்தைப் பாத்திரத்தில் மூடி வீட்டு ஓவனில் முடியுங்கள். பாத்திரத்தை மூடியபின் கறிக்குப் புகை எட்டப்போவதில்லை, அடுப்பு எதுவானால் என்ன?

மரத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்ட நீங்கள் முக்கியமான ஒன்றை எழுதவே இல்லை. லேபிளில் ‘ஷோல்டர்’ (தோள்கறி) என்று இருந்ததா, ‘லாயின்’ (முதுகுக்கறி) என்று இருந்ததா? இந்தப் பெயர் கொஞ்ச நாளாகவே என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. கன்ட்ரி ஸ்டைல் ரிப்ஸ் என்பது நாம் நினைக்கிற விலா எலும்பு வரிசையே இல்லை. தோள்கறியை நீளவாக்கில் வெட்டியும் அந்தப் பெயரில் விற்கிறார்கள். முதுகுக்கறி தோளைத் தொடுகிற முனையை வெட்டியும் விற்கிறார்கள். பல பாக்கெட்டுகளில் எலும்பே இருக்காது. ஊரில் கறிக்கடையில் நின்று “நெஞ்செலும்பா, தொடையா, சாப்ஸா” என்று கேட்டு வாங்குகிற நாம், பிளாஸ்டிக் தாளில் சுற்றிவிட்டால் ஏன் கேட்பதை விட்டுவிடுகிறோம்?

லேபிள் கிழிந்துபோனாலும் கறி சொல்லும். தோள்கறி அடர்சிவப்பு. சதைக்கு நடுவே கொழுப்பு கோடுகோடாக ஓடும், சில துண்டில் தட்டையான தோள்பட்டை எலும்பு தெரியும். முதுகுக்கறி வெளிர்நிறம், வழவழப்பான ஒரே சதை, கொழுப்பு ஓரத்தில் மட்டும். தோளை ஒட்டிய முனையில் வெட்டியது என்றால் ஒரே துண்டில் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெளுப்பு என்று இரண்டும் இருக்கும். உங்கள் வெண்ணெயும் மரக்கட்டையும் ஒரே பாக்கெட்டிலிருந்து வந்ததற்கு இதுதான் காரணம். ஆப்பிள் மரம் போட்டிருந்தாலும் இதே கதைதான்.

தோள்கறியில் சவ்வு நிறைய. நீண்ட சூட்டில் அது கரைந்து பசையாகும். ஆட்டுக்கால் சூப் ஆறியதும் கட்டிக்கொள்கிறதே, அதே பசைதான். முதுகுக்கறியில் கரைய அதிகம் இல்லை. சூடு ஏற ஏற இருக்கிற ஈரத்தையும் பிழிந்து வெளியே தள்ளிவிடும். 3-2-1 முழு விலா வரிசைக்கு எழுதிய கணக்கு. இங்கே கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், தெர்மாமீட்டரைப் பாருங்கள்.

முந்தின இரவே துண்டுகளைப் பிரித்துவிடுங்கள். 4 பவுண்ட் கறிக்கு 18 கிராம் உப்பு தடவி ஃப்ரிட்ஜில் திறந்து வையுங்கள். உப்புக்கரைசல் ஏற்றிய கறி என்று லேபிளில் பொடி எழுத்தில் இருந்தால் பாதி உப்பே அதிகம். மறுநாள் கரியை ஒரு பக்கம் ஒதுக்கி, கறியை மறுபக்கம் வைத்து, மூடிக்குள் 250 டிகிரி ஃபாரன்ஹீட் பிடியுங்கள். வெளிர்துண்டு உள்ளே 145 தொட்டதும் எடுத்து, 3 நிமிடம் ஆறவிட்டுச் சாப்பிடவேண்டியதுதான். அதற்கு பிரெய்ஸ், அதாவது கொஞ்சம் நீர் ஊற்றி மூடி மெல்ல வேகவைப்பது, கிடையாது.

சிவப்புத்துண்டு 160 பக்கம் ஏறாமல் முரண்டு பிடிக்கலாம். மண்பானைத் தண்ணீர் குளிர்வது போல, மேலே ஈரம் ஆவியாகி உள்ளே சூடு ஏறவிடாது. பயந்துபோய் கரியை அள்ளிக் கொட்டாதீர்கள். மேலே நிறம் பிடித்திருந்தால் அதுவே பாத்திரத்துக்கு மாற்றும் நேரம். அடியில் ஒரு பெரிய வெங்காயம் நறுக்கிப் பரப்பி, அரை கப் ஆப்பிள் ஜூஸ், கால் கப் ஆப்பிள் வினிகர், கால் கப் தண்ணீர். துண்டின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீர் ஏறக்கூடாது. முழுக முழுக ஊற்றினால் பாடுபட்டு ஏற்றிய மேல்தோல் கழுவிக்கொண்டு போய்விடும். ஃபாயிலால் இறுக்கி மூடி 300 டிகிரியில் ஒன்றரை மணி நேரம். பிறகு குத்திப் பாருங்கள். 195 முதல் 203க்குள் எங்கோ ஓரிடத்தில், வாழைப்பழத்தில் ஊசி இறங்குவது போல இறங்கும். இறங்காவிட்டால் மூடி இன்னும் இருபது நிமிடம். அடிநீரில் மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டுப் பாதியாகச் சுண்டவையுங்கள். உப்பை அதன் பிறகு பாருங்கள், சுண்டும்போது உப்பு ஏறும். சர்க்கரை சாஸ் கடைசிப் பத்து நிமிடம் மட்டும்.

கசப்புக்குக் காரணம் மரவகை இல்லை, மூச்சுத்திணறிய நெருப்பு. மேல் துளையை முழுக்கத் திறந்து வையுங்கள், சூட்டை அடித்துளையால் குறையுங்கள். கெட்டியான வெள்ளைப்புகை அடங்கி மெலிந்தபின் கறியை வையுங்கள். கைப்பிடி அளவில் இரண்டு கட்டை போதும். ஊறவைக்க வேண்டாம், ஈரவிறகு அடுப்பை என்ன செய்யும் என்று தெரியாதா? ஹிக்கரியோ ஆப்பிளோ, கிடைத்ததைப் போடுங்கள்.

அந்த இளஞ்சிவப்பு வேகாததால் வந்ததில்லை என்று வீட்டில் சொல்லுங்கள். புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு கறியின் நிறமியோடு சேர்ந்து, வெந்தபின்னும் மங்காமல் நிற்கிற நிறம் அது. நம்பாவிட்டால் கோபித்துக்கொள்ளாமல் தெர்மாமீட்டரைக் கையில் கொடுங்கள்.

மரக்கட்டைத் துண்டுகள் இன்னும் ஃப்ரிட்ஜில் இருந்தால் திரும்ப வேகவைத்துப் பார்க்காதீர்கள், இன்னும் இறுகும். நாருக்குக் குறுக்கே பொடியாக நறுக்கி, மிஞ்சிய சாற்றை ஊற்றிக் கொத்துப் பரோட்டாவில் போட்டுவிடுங்கள்.