மழைக்குப் பின் ஸ்பைருலினா தொட்டியில் பச்சைப்பாசி: பதில்

உணவுக்காக வளர்க்கும் நுண்பாசியான ஸ்பைருலினாவின் தொட்டியில், மழைக்குப் பிறகு பிஎச் (நீரின் அமில-கார அளவு) 8.8-க்கு இறங்கிவிட்டது, அறுவடையின்போது துணியில் வடியும் வடிநீரும் பச்சையாகவே வருகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் இது குளோரெல்லா வகைப் பச்சைப்பாசி. ஒரு சொட்டை நுண்ணோக்கியில் 400 மடங்கில் பாருங்கள். ஸ்பைருலினா சுருள் இழையாகத் தெரியும். பச்சைப்பாசி தனித்தனிப் பச்சை உருண்டையாக இருக்கும்.

அறுவடையைக் கூட்டினால் போய்விடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். 30–50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளையுள்ள துணியில் இழைதான் தங்கும். சில மைக்ரானே உள்ள உருண்டைகள் வடிநீரோடு தொட்டிக்கே திரும்பும். ஸ்பைருலினா குறையக் குறைய வெளிச்சம் ஆழமாக இறங்கும், பச்சைப்பாசிக்கு அதுவே கொண்டாட்டம்.

அதனால் அந்த வடிநீரைக் கொட்டிவிடுங்கள். துணியில் நின்றதைப் பிழியாமல் புது மீடியத்தில் (வளர்ப்பு நீரில்) இரண்டு மூன்று முறை அலசி, தேய்த்துக் கழுவிய சிறு தொட்டியில் அடர்த்தியாக விடுங்கள். வெள்ளைத் தட்டை இறக்கினால் 3–4 செ.மீ. ஆழத்திலேயே மறைய வேண்டும். புது மீடியத்தில் சமையல் சோடா லிட்டருக்கு 16 கிராம். அது மட்டும் போட்டால் பிஎச் 8.5-ஐ ஒட்டியே நிற்கும். சோடியம் கார்பனேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, சில நாட்களில் 10-க்குக் கொண்டுவாருங்கள். ஒரே நாளில் ஏற்றினால் இழைகள் உடையும்.

மேலே மழை மறைப்பு கட்டாயம். நுண்ணோக்கியில் சுத்தமாகத் தெரியும்வரை இந்த அறுவடையை உணவுக்குக் கொடுக்காதீர்கள்.