ஆங்கிலத்தில் சாதாரணச் சொற்களுக்கே ஏகப்பட்ட அர்த்தங்கள் இருக்கின்றனவே, எப்படி மனப்பாடம் செய்வது? எந்த அகராதி வாங்கலாம்?

ரன், செட், சார்ஜ், இன்ட்ரஸ்ட் என்று பட்டியல் போட்டு, ஆபீஸ் கடிதங்களில் இவற்றைப் பார்த்தால் குழம்புகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழ் மீடியத்தில் படித்து வேலைக்குப் போனவராக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நானும் அந்த ஜாதிதான். மதுரைப் பக்கம் சிவில் வக்கீல். மொழியியல் படித்தவன் இல்லை, பேராசிரியர்கள் யாராவது திருத்த வந்தால் தாராளமாக வரலாம்.

முதலில், மனப்பாடம் வேண்டாம். முடியவும் முடியாது. 1989-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் செட் என்ற வினைச்சொல்லுக்கு 430 பொருள் வரை கொடுத்திருக்கிறார்கள். இப்போது ரன் அதை முந்தி 600-ஐத் தாண்டிவிட்டது. வெள்ளைக்காரனுக்கே அத்தனையும் தெரிந்திருக்காது.

நம் காலை வாருவது கடினமான சொல் இல்லை. 'இண்டெம்னிட்டி' (நஷ்டத்தை ஈடு செய்யும் பொறுப்பு) என்று ஒன்று வந்தால் கை தானாக அகராதிக்குப் போய்விடும். டைட்டில், ஃப்ரீ, பார்ட்டி என்று வந்தால் யார் அகராதியைத் தொடுகிறார்கள்? மூன்றாம் வகுப்பிலேயே படித்த சொல்லாயிற்றே!

நான் ஜூனியராக இருந்தபோது நடந்தது இது. ஒரு கம்பெனியிடமிருந்து வாங்கிய நிலம், கிரயப் பத்திரம் முழுக்க இங்கிலீஷில். முன்சீப் கோர்ட்டில் வழக்கு, பிராது, அதாவது வழக்கு மனு, தமிழில் போட வேண்டும். பத்திரத்தின் முக்கியப் பகுதிகளைத் தமிழாக்கும் வேலையை சீனியர் என்னிடம் தரவில்லை. என்னோடு இருந்த இன்னொரு ஜூனியரிடம் கொடுத்தார். அவர் கான்வென்ட். இங்கிலீஷ் அருவி மாதிரி கொட்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

பத்திரத்தில் 'ரைட், டைட்டில் அண்ட் இன்ட்ரஸ்ட்' என்று ஒரு வரி. சொத்துப் பத்திரம் எதை எடுத்தாலும் இருக்கும். அவர் எழுதியிருந்தது: 'உரிமை, தலைப்பு மற்றும் ஆர்வம்.' அடுத்த வரியில் கன்சிடரேஷன் என்பதை 'பரிசீலனை' ஆக்கியிருந்தார். அதாவது நாற்பது லட்ச ரூபாய் பரிசீலனைக்கு, நிலத்தின் தலைப்பையும் ஆர்வத்தையும் விற்றிருக்கிறார்கள். 'ஃப்ரீ ஃப்ரம் ஆல் என்கம்பரன்சஸ்' (வில்லங்கம் எதுவும் இல்லாதது) என்பதை 'வில்லங்கம் அனைத்தும் இலவசம்' என்று போடாமல் விட்டாரே என்று டைப்பிஸ்ட் அக்கா வெகுநாள் சொல்லிச் சிரித்தார்கள்.

டைப்புக்குப் போகும் முன் நான்தான் மாற்றினேன். எனக்கு எப்படித் தெரியும்? என் அப்பா பத்திர எழுத்தர். சப்-ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் மேசை போட்டு எழுதியவர். 'சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்பதைக் கேட்டே வளர்ந்தவன் நான். இங்கிலீஷ் பத்திரத்தைப் பார்த்ததும், இன்ட்ரஸ்ட் இருந்த இடத்தில் பாத்தியம், அதாவது சொத்தில் உள்ள உரிமைதானே வர வேண்டும், ஆர்வம் எங்கிருந்து வந்தது என்று உடனே உறுத்திவிட்டது. டைட்டில் என்றால் உரிமை மூலம், அதாவது சொத்து ஒருவருக்கு எப்படி உரிமையானது என்பது. கன்சிடரேஷன் பத்திரத்தில் கிரயத் தொகை, 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தைத் தமிழில் படித்தால் மறுபயன், அதாவது ஒன்றுக்குப் பதிலாகத் தருவது.

சீனியர் பார்த்துவிட்டு, "பரவாயில்லையேப்பா, தமிழ் மீடியமா இருந்தும் கரெக்டா பிடிச்சிட்டியே" என்றார். பாராட்டுதான். ஆனால் அந்த 'இருந்தும்' இன்றைக்கும் குத்துகிறது.

இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள்மேல் வயிற்றெரிச்சல் என்று யாராவது கிளம்பிவிடுவார்கள். என் மகளே இங்கிலீஷ் மீடியம்தான். நான் சொல்வது இவ்வளவுதான்: தொழில் தெரிந்தால் சொல்லின் பொருள் பாதி தானாகப் பிடிபடும். தொழில் தெரியாமல் இங்கிலீஷ் மட்டும் தெரிந்தால் தைரியமாகத் தப்பு எழுதலாம்.

ஆகவே சொல்லைத் தனியாக எழுதி எதிரே பத்து அர்த்தம் எழுதும் நோட்டைத் தூக்கிப் போடுங்கள். பக்கத்தில் வரும் சொல்லோடு சேர்த்து எழுதுங்கள். சார்ஜ் என்றால் என்ன என்று கேட்டால் நானே முழிப்பேன். சார்ஜ் ஷீட் போலீஸ் போடுவது. சார்ஜ் ஃப்ரேம் பண்ணுவது கோர்ட். சொத்தின்மேல் சார்ஜ் என்றால் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 100-ஆம் பிரிவு, கடனுக்கு அந்தச் சொத்து பொறுப்பாக நிற்பது. அதிகாரி சார்ஜ் எடுப்பது வேறு, போனுக்கு சார்ஜ் போடுவது வேறு. சாங்க்ஷன் இன்னும் மோசம். பேங்கில் லோன் சாங்க்ஷன் ஆனால் ஸ்வீட் வாங்கிக் கொடுப்பீர்கள். அரசு ஊழியர்மேல் வழக்கு நடத்த சாங்க்ஷன் வந்தால் அவருக்குத் தூக்கம் போய்விடும். இரண்டும் அனுமதிதான். செய்தியில் ஈரான்மீது சாங்க்ஷன் என்றால் அது தடை. உங்கள் ஆபீசில் திரும்பத் திரும்ப வரும் தொடர்களை மட்டும் எடுங்கள், ஒரு நோட்டுக்குள் அடங்கிவிடும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் வயிற்றில் எரிகிறது. அந்த மொழிபெயர்ப்புக்கெல்லாம் எனக்குக் கிடைத்தது பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும்தான். 2024-ல் உயர் நீதிமன்றம் சொல்லி, ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் தர வேண்டும் என்று பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. எத்தனை சீனியர்கள் அதைப் படித்தார்களோ. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அகராதிக்கு வருகிறேன். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி நமக்கு வேண்டாம், அது பழைய பொருளை முதலில் வைத்து வரலாற்று வரிசையில் போகும். 1987-ல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் குழு தயாரித்த கோபில்ட் வகை அகராதி ஒன்று வாங்குங்கள். எழுத்திலும் பேச்சிலும் உண்மையில் வந்த வாக்கியங்களைக் கம்ப்யூட்டரில் சேர்த்து, அதிலிருந்து பொருள் எடுத்தவர்கள். விளக்கமும் முழு வாக்கியமாகவே இருக்கும், எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் என்று அதிலேயே தெரிந்துவிடும். புதுசு விலை கூடுதலாகத் தெரிந்தால் பழைய பதிப்பே போதும்.