“நான் எப்படிப்பட்ட தலைவர்?” டர்பன் டீச்சரிடம் கேள்வி பதில்

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். இப்போது கோயில் கமிட்டி, விளையாட்டுச் சங்கம், சின்னக் கடை நடத்துபவர்களுக்குத் தலைமைப் பயிற்சி கொடுக்கிறேன். கேள்வி வந்த வரிசையில் பதில் சொல்கிறேன். உங்கள் கமிட்டிச் சண்டையில் நான் பஞ்சாயத்து பண்ண மாட்டேன்.

வெருலம், கோயில் செயலாளர்: டீச்சர், நான் ஜனநாயகத் தலைவரா, அதிகாரத் தலைவரா? எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தப் பாகுபாடு 1939-இல் குர்ட் லெவின், லிப்பிட், வைட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவியது. பத்து வயதுப் பையன்களைச் சிறு குழுக்களாக்கி, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெரியவரைப் பொறுப்பாக வைத்தார்கள். ஒருவர் எல்லாவற்றுக்கும் உத்தரவு போடுவார், ஒருவர் பையன்களோடு கலந்து பேசி முடிவெடுப்பார், மூன்றாமவர் எதிலும் தலையிட மாட்டார். எனக்குப் பிடித்த கட்டம், அந்தப் பெரியவர் அறையை விட்டு வெளியே போனதும் நடந்தது. உத்தரவு போடுபவர் போனதும் வேலை சரிந்தது. கலந்து பேசுபவர் போன பிறகும் வேலை ஓடியது.

அதனால் உங்கள் மனசைக் கேட்காதீர்கள், அது உங்கள் கட்சிதான் பேசும். காவடிக்கு முந்தின வாரம் நீங்கள் காய்ச்சலில் படுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். பந்தல்காரர் யாரைக் கூப்பிடுவார்? ஸ்டோர் சாவி யாரிடம் இருக்கும்? ரேண்ட் கணக்கு உங்களைத் தவிர யாருக்காவது தெரியுமா? எல்லாவற்றுக்கும் உங்கள் பெயரே பதிலாக வந்தால் உங்கள் பாணி என்னவென்று தெரிந்துவிட்டது. “நான் எல்லாரையும் கேட்டுத்தான் செய்கிறேன்” என்பதெல்லாம் செல்லாது.

பீனிக்ஸ், கால்சென்டர் டீம் லீடர்: இணையத்தில் மையர்ஸ்-பிரிக்ஸ் என்ற குணவகைச் சோதனை எழுதினேன். நாலெழுத்து வகை ஒன்று வந்தது. அது தலைவர் வகையா?

சில வாரம் கழித்து மறுபடி எழுதிப் பாருங்கள். பலருக்கு வேறு நாலெழுத்து வருகிறது. அந்த எழுத்துகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலையாதீர்கள்.

சாட்ஸ்வொர்த், இளைஞர் அணி: எனக்குச் சட்டென்று கோபம் வருகிறது ஆன்ட்டி. நான் தலைமைக்கு லாயக்கில்லையா?

தம்பி, உங்களுக்கு ஒரு பெரியவரைக் காட்டுகிறேன். தம்பி நாயுடு, மொரிஷியஸில் பிறந்த தமிழர், ஜோகன்னஸ்பர்க்கில் வியாபாரி, காந்தி இங்கே நடத்திய சத்தியாகிரகப் போராட்டத்தில் கூட நின்றவர். பள்ளிப்படிப்பு அதிகம் இல்லை, ஆனால் பல மொழி பேசுவார். 1908 பிப்ரவரி 10 அன்று மீர் ஆலமும் கூட்டாளிகளும் காந்தியைத் தாக்கியபோது குறுக்கே புகுந்து அடி வாங்கியவர். 1913-இல் டிரான்ஸ்வால் மாகாணத்து இந்தியப் பெண்கள் நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தபோது அவர்களோடு நின்றவர்.

அவரைப் பற்றிக் காந்தி பின்னாளில் எழுதியது இது: அவசரமும் கோபமும் மட்டும் இல்லாதிருந்தால், தலைவர் கச்சாலியா இல்லாத நேரத்தில் டிரான்ஸ்வால் இந்தியச் சமூகத்துக்கு அவரே எளிதாகத் தலைமை ஏற்றிருக்கலாம். போராட்டம் நடந்தவரை அந்தக் கோபத்துக்குப் பெரிய கெடுதல் செய்ய இடம் கிடைக்கவில்லை. பிறகு அதுவே அவருக்கு எதிரியாகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன் என்கிறார். எதிரி வெளியே இருக்கும்போது கோபத்துக்குப் போக ஓர் இடம் இருக்கிறது. போராட்டம் முடிந்ததும் கூட இருப்பவர்கள் மேல் திரும்பும். உங்கள் கோபம் யார் மேல் வருகிறது? நகராட்சி மேலா, நாற்காலி அடுக்கும் பையன் மேலா? ஒரு மாதம் குறித்து வையுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: தம்பி நாயுடுவையே குறை சொல்கிறீர்களா? கோபம் இல்லாதவன் ஜெயிலுக்குப் போவானா?

குறை சொல்லவில்லை ஐயா. அவர் பலமுறை ஜெயிலுக்குப் போனார், மனைவி வீரம்மாளும் போனார். அந்தத் தைரியத்தில் பாதி இருந்தால் நம் கமிட்டிகள் எங்கேயோ போயிருக்கும். தைரியமும் கோபமும் ஒரே ஆளிடம் இருந்தன என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து: அவரைப் பற்றித் தீர்ப்பு சொல்ல காந்தி யார்? அவருக்கு மட்டும் கோபம் இல்லையா?

இருந்தது, தாராளமாகவே. இதே டர்பனில் 1898 வாக்கில், வீட்டில் தங்கியிருந்த குமாஸ்தாவின் இரவுப் பாத்திரத்தை முகம் சுளிக்காமல் எடுத்துக் கொட்டவில்லை என்று கஸ்தூர்பாவின் கையைப் பிடித்து வாசலுக்கு வெளியே தள்ளப் போனார். அந்த அம்மா “உங்களுக்கு வெட்கமில்லையா” என்று கேட்ட பிறகுதான் கதவைச் சாத்தினார். காந்தியே எழுதி வைத்திருப்பதால்தான் நமக்குத் தெரிகிறது. எனக்கு இதில் முக்கியம் கஸ்தூர்பா. முகத்துக்கு நேரே அப்படிக் கேட்கிற ஓர் ஆள் உங்கள் பக்கத்தில் இருக்கிறாரா?

மறுபடி பீட்டர்மாரிட்ஸ்பர்க்: அப்படியானால் காந்தியும் லாயக்கில்லை என்கிறீர்கள்!

நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஈஸ்டர் வெள்ளிக்கிழமை தீமிதிக்கு உங்கள் ஊர்க் கோயிலுக்கு வருவேன், நேரில் சண்டை போடலாம். இப்போது மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

டோங்காட், கடை உரிமையாளர்: என்னைப் பற்றி வேலையாட்களிடம் எப்படிக் கேட்பது?

வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள். கைகூப்பும் படங்கள்தான் வரும். சம்பளம் கொடுக்கிற அன்றும் வேண்டாம்.

லுஃப்ட், இங்ஹாம் என்ற இருவர் 1955-இல் ஜொஹாரி சாளரம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நாலு கட்டம். அதில் ஒரு கட்டம், மற்றவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு வேண்டியது அந்தக் கட்டம்தான். “நான் எப்படி?” என்று கேட்டால் “நல்லவர் பாஸ்” என்பார்கள். “நேற்று டெலிவரி லேட்டானபோது நான் பேசியதில் எது உனக்கு உதவவில்லை?” என்று ஒருவரிடம், தனியாகக் கேளுங்கள். கேட்ட பிறகு விளக்கம் கொடுக்காதீர்கள். “இல்லப்பா, நான் ஏன் அப்படிச் சொன்னேன்னா” என்று ஆரம்பித்தால் அடுத்த முறை உண்மை வராது.

கிளேர்வுட்: நான் ரிஷப ராசி. பிடிவாதத்தை மாற்ற முடியுமா?

ஜோசியரிடம் கேளுங்கள்.

பீனிக்ஸ், இன்னொருவர்: எனக்கு வேறு நாலெழுத்து வந்தது...

மேலே பார்க்கவும்.

சாட்ஸ்வொர்த், பெண்கள் சங்கத் தலைவி: நான் அதிகம் பேச மாட்டேன். கூட்டத்தில் சத்தமாகப் பேசுபவர்கள்தான் ஜெயிக்கிறார்கள்.

மண்டேலா சிறுவயதில் தெம்பு மக்களின் ஆட்சிப் பொறுப்பாளர் ஜொங்கின்டாபாவின் வீட்டில் வளர்ந்தவர். சபையில் எல்லாரும் பேசி முடிக்கும் வரை ஜொங்கின்டாபா கேட்டுக்கொண்டே இருந்து, கடைசியில்தான் வாய் திறப்பார். மண்டேலா அதை வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை. உங்களுக்குச் சத்தம் வேண்டாம்மா. பேசுபவர் வரிசையை நீங்களே போடுங்கள், சத்தக்காரரை நாலாவதாக வையுங்கள், கடைசி இடம் உங்களுக்கு.

வெருலம், அதே செயலாளர்: ஸ்டோர் சாவியை யாரிடம் கொடுப்பது?

பொருளாளரிடம் ஒன்று, இளைஞர் அணியில் ஒருவரிடம் ஒன்று. இன்றைக்கே.