இனாம் பதிவேட்டில் தாத்தாவின் தாத்தா: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் வீட்டுப் பழைய பத்திரம் ஒன்றில் "இனாம் டி.டி. நெ. 412" என்று எழுதியிருக்கிறது. இதை வைத்துக்கொண்டு குடும்பத்தின் முன்தலைமுறைகளைத் தேட முடியுமா?
— வாசகர், மன்னார்குடி

பதில்: தாராளமாக முடியும். பலருக்கு இந்த நுனிகூடக் கிடைப்பதில்லை. டி.டி. என்பது டைட்டில் டீட், அதாவது உரிமைப் பத்திரம். சென்னை மாகாணத்தில் 1858இல் இனாம் கமிஷன் ஏற்பட்டது. வரியே இல்லாமலோ, ஜோடி என்ற குறைந்த தீர்வையிலோ அனுபவிக்கப்பட்டு வந்த நிலங்களை அது ஊர் ஊராக விசாரித்தது. பாத்தியதை உறுதியான இனாம்களுக்கு எண் போட்டு டைட்டில் டீட் கொடுத்தார்கள். விசாரணையின் சுருக்கம்தான் இனாம் ஃபேர் ரிஜிஸ்டர், ஐ.எஃப்.ஆர். என்பார்கள். பெரும்பாலான பதிவுகள் 1860களைச் சேர்ந்தவை.

வம்சாவளி தேடுபவருக்கு அதில் வேண்டியவை சில கலங்கள்தான்: மானியம் கொடுத்தவர் யார், முதலில் பெற்றவர் பெயர், அன்றைய அனுபவதாரரின் பெயர், வயது, வசிக்கும் ஊர், முதலில் பெற்றவருக்கு அவர் என்ன உறவு. ஒரே வரியில் இரண்டு மூன்று தலைமுறை கிடைத்துவிடுவதும் உண்டு.

ஆனால் எண் மட்டும் போதாது. கிராமப் பெயரும், 1860களில் அந்தக் கிராமம் எந்த வட்டத்தில் இருந்தது என்பதும் தெரிய வேண்டும். உங்கள் ஊர் இன்று திருவாரூர் மாவட்டம். பதிவேட்டில் தஞ்சாவூர் ஜில்லா என்றுதான் இருக்கும். பழைய தஞ்சாவூர்க் கணக்குகளில் 'மாகாணம்' என்று வந்தால் மிரள வேண்டாம், அது சில கிராமங்கள் சேர்ந்த தொகுதி.

தேடலை இன்றைய நிலத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். இப்போதைய சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு, 1979இல் தொடங்கிய யு.டி.ஆர். என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய எண் எது என்பதை வட்டாட்சியர் அலுவலகத்துப் பழைய 'அ' பதிவேட்டில் (கிராம நிலங்களின் அடிப்படைப் பதிவேடு) பாருங்கள். அங்கிருந்து, நிலவரி நிர்ணயத்தின்போது எழுதிய செட்டில்மென்ட் பதிவேட்டுக்கு, அதாவது எஸ்.எல்.ஆருக்குப் போகலாம். அதில் இனாம் நிலம் என்ற குறிப்போடு டி.டி. எண்ணும் இருந்தால் சங்கிலி சேர்ந்துவிடும். ஐ.எஃப்.ஆரில் இருப்பது சர்வேக்கு முந்தைய பழைய நில அளவையின் எண்ணாக, அதாவது பைமாஷ் எண்ணாக இருக்கலாம். அதை இன்றைய சர்வே எண் என்று நினைத்துத் தேடினால் வேறு யார் வயலிலோ போய் நிற்பீர்கள். இந்தத் தேடலில் அதிகம் நடக்கும் பிசகு இதுதான். விவரங்கள் திரண்ட பிறகு எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு மனுச் செய்யுங்கள். மாவட்ட ஆட்சியரக ஆவண அறையிலும் கேட்டுப் பாருங்கள்.

இடையில் ஒரு தலைமுறை விடுபட்டால் இனாம் ஒழிப்புக் கோப்புகள் கைகொடுக்கும். 1963ஆம் ஆண்டின் 26ஆம், 30ஆம் எண் சட்டங்களின் கீழ் செட்டில்மென்ட் தாசில்தார்கள் விசாரித்து ரயத்துவாரி பட்டா (அரசுக்கு நேரடியாக வரி கட்டுபவருக்கான பட்டா) கொடுத்தார்கள். அந்த உத்தரவுகளில் உரிமை கோரியவர்களின் பாகப்பிரிவினை, உயில் விவரங்கள் வருவதுண்டு.

பதிவைப் படிக்கும்போது ஆண்டு பசலியில் (ஜூலையில் தொடங்கும் வருவாய் ஆண்டு) இருந்தால் 590 கூட்டுங்கள். பசலி 1271 என்றால் 1861 ஜூலை முதல் 1862 ஜூன் வரை. வயதைக் கறாராக நம்பாதீர்கள். 40, 45, 50 என்று உத்தேசமாகச் சொல்லப்பட்டவை நிறைய, ஐந்து வருஷம் முன்பின் வைத்துக்கொள்ளுங்கள். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு மறுபடி வரும். பெயர் ஒத்துப்போனதே என்று மகிழ்ந்து ஐம்பது வருஷத்தைத் தாண்டிவிடாதீர்கள். வயதும் தகப்பனார் பெயரும் சேர்ந்து பொருந்தட்டும். 'சகோதரர்' என்று இருப்பவர் பெரியப்பா மகனாகவும் இருக்கலாம். சுவீகாரம் எல்லா இடத்திலும் தனியாகச் சொல்லப்படுவதில்லை. பெண்கள், விதவை என்ற முறையில் நிலம் அவர்கள் பேரில் இருந்தாலொழிய, அநேகமாகத் தென்படுவதில்லை.

'கொடுத்தவர்' கலத்தில் ஒரு ராஜாவின் பெயர் இருந்தால் அதுவே சாசனச் சான்று ஆகிவிடாது. 50 வருஷ அனுபவம் இருந்தாலே பாத்தியதை செல்லும் என்பது கமிஷனின் விதி. ஆகவே, சனது என்ற மானிய ஆவணம் தொலைந்துபோனவர்கள் குடும்பத்தில் வழங்கிய கதையையே வாக்குமூலமாகச் சொன்னார்கள். எழுத்து ஆதாரம் எது என்று குறிக்கும் கலம் பக்கத்திலேயே இருக்கிறது. அது காலியாக இருந்தால் ராஜா பெயரைப் பென்சிலால் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் தச்சு வேலைக் குடும்பம். மானியப் பதிவேடெல்லாம் அக்ரகாரத்துக்கும் கோயிலுக்கும்தான் என்கிறார்களே?
— வாசகி, கும்பகோணம்

பதில்: அப்படிச் சொல்பவர்கள் பதிவேட்டைப் புரட்டியதில்லை. பிராமணர்களுக்கான பிரமதேயம், கோயிலுக்கான தேவதாயம், சத்திரத்துக்கான தர்மதாயம் ஆகியவற்றோடு கிராம ஊழிய மானியமும் அதில் ஒரு வகை. தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர் எனக் கிராமத்துக்கு ஊழியம் செய்தவர்களுக்கு விட்ட நிலங்கள் அதில் வரும். கோயில் நாதஸ்வரக்காரர்களின் மானியத்தைக் கோயில் ஊழியம் என்ற வகையில் தேடுங்கள். ஊழிய மானியத்தில் முதலில் பெற்றவர் பெயர் இல்லாமல் தொழில் மட்டும் எழுதியிருக்கக்கூடும். அப்போது அனுபவதாரர் பெயரிலிருந்துதான் தொடங்க முடியும்.

ஆதிதிராவிடர் குடும்பங்கள் பார்க்க வேண்டியது வேறு பதிவு. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையை அடுத்து, 1892இல் அரசாணை 1010 வந்தது. அதன் வழியில் ஒப்படைக்கப்பட்டவைதான் பஞ்சமி நிலங்கள். பழைய 'அ' பதிவேட்டில் 'டி.சி.' (டிப்ரஸ்டு கிளாஸ், ஒடுக்கப்பட்ட வகுப்பு) என்ற குறிப்பைத் தேடுங்கள். இன்றைய பட்டாவில் வேறு பெயர் இருந்தாலும் பழைய ஏட்டில் முதல் ஒப்படைதாரர் பெயர் இருக்கக்கூடும். அங்கே வம்ச ஆராய்ச்சி நில உரிமைப் பிரச்சினையாகவும் மாறும்; நகலைச் சான்றிட்ட நகலாகவே வாங்குங்கள்.

கேள்வி: புதுக்கோட்டைப் பக்கத்து ஊர் எங்களுடையது. ஐ.எஃப்.ஆரில் எங்கள் ஊரே இல்லை என்கிறார்கள்.
— வாசகர், திருச்சி

பதில்: இருக்காது. புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம். அங்கே இனாம் செட்டில்மென்ட் 1888இல் தனியாக நடந்தது. புதுக்கோட்டை மாவட்ட ஆவண அறையில் தொடங்குங்கள். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கும் இதே கதைதான்: 1956 வரை திருவிதாங்கூர் (1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சி) பகுதி, ஆவணம் மலையாளத்தில், ஆண்டு கேரளத்தின் கொல்லம் ஆண்டுக் கணக்கில். 825 கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு வரும். ஜமீன்களில், 1802க்குப் பிறகு ஜமீன்தார் தாமாகக் கொடுத்த மானியங்களும் ஐ.எஃப்.ஆரில் வராது, அவை ஜமீன் கணக்கில்தான்.

கேள்வி: சோழர் செப்பேட்டில் வரும் ஒருவர் எங்கள் கோத்திரம், எங்கள் ஊர். அவரை முன்னோராக எழுதலாமா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: கூடாது. முதலாம் ராஜேந்திரனின் கரந்தைச் செப்பேட்டில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிராமணர்கள் வருகிறார்கள். அவர்களுக்கும் 1860க்கும் நடுவே எண்ணூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி. அதை நிரப்பக் கோத்திரம் போதாது. கொள்ளிடம் வழியே எத்தனையோ குடும்பங்கள் வந்து போயிருக்கின்றன. வேள்விக்குடிச் செப்பேட்டைப் பாருங்கள்: கொற்கைக் கிழான் நற்கொற்றன் பெற்ற ஊர் களப்பிரரிடம் போனது என்று நற்சிங்கன் முறையிட, பழமையை நிரூபித்துக் கொள் என்றுதான் பாண்டியன் நெடுஞ்சடையன் சொன்னான். எட்டாம் நூற்றாண்டிலேயே வாய்ச்சொல் போதவில்லை. மராட்டியர் கால மானியமாக இருந்தால் மட்டும் ஒரு முயற்சி செய்யலாம்; சரசுவதி மகால் நூலகத்தில் மோடி எழுத்து (மராத்தியின் பழைய கையெழுத்து வடிவம்) ஆவணங்கள் இருக்கின்றன. மோடி படிக்கத் தெரிந்தவர் துணை வேண்டும்.

கேள்வி: பதிவில் "2 வேலி 6 மா" என்று உள்ளது. ஏக்கரில் எவ்வளவு?
— வாசகி, நன்னிலம்

பதில்: தஞ்சைக் கணக்கில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா சுமார் 33 சென்ட். ஆக உங்கள் 46 மா ஏறத்தாழ 15 ஏக்கர். செங்கல்பட்டுப் பக்கத்துப் பத்திரங்களில் வரும் காணி வேறு, அது 1.32 ஏக்கர்.